தனியாகப் பாட்காஸ்ட் செய்பவருக்கு எடிட்டிங்: பதிவு முதல் எம்பி3 வரை, வரிசை மாறாமல்

அரை மணி நேர எபிசோட் ஒன்றை எடிட் செய்து முடிக்க எனக்குத் தொடக்கத்தில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை தேவைப்பட்டது. இப்போது ஒன்றரை மணி நேரம் போதுகிறது. கணினி அதேதான், மென்பொருளும் அதேதான். வேலைகளைச் செய்யும் வரிசை மட்டுமே மாறியது. புதிதாகத் தொடங்கும் சிலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தபோதும் இதையே கண்டேன்: பெரும்பாலோர் தடுமாறுவது எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதில் இல்லை, நாளை வெட்டி எறியப்போகும் பகுதியை இன்று மெருகேற்றிக்கொண்டிருப்பதில்தான்.

ஒருவரே எழுதி, ஒருவரே பேசி, ஒருவரே எடிட் செய்யும் ஒற்றைக் குரல் பாட்காஸ்டை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். மென்பொருளாக ஆடாசிட்டியின் 3ஆம் வரிசைப் பதிப்பை எடுத்துக்கொள்கிறேன். வேறு எதைப் பயன்படுத்தினாலும் வரிசையும் காரணங்களும் பொருந்தும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆடாசிட்டி இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். அதோடு கம்பி உள்ள ஹெட்போன் ஒன்று வேண்டும். புளூடூத் ஹெட்போனில் ஒலி சற்றுத் தாமதமாக வந்து சேரும் என்பதால், திரையில் கோடு நகரும் இடமும் காதில் கேட்கும் இடமும் பொருந்தாமல், வெட்டு அரை எழுத்து தள்ளி விழும். விலை குறைந்த கம்பி ஹெட்போன்கூட இந்த வேலைக்கு அதைவிட மேல்.

ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதற்குள் ‘மூலம்’, ‘வேலை’, ‘வெளியீடு’ என்று மூன்று உள் ஃபோல்டர்களைப் பதிவு செய்வதற்கு முன்பே போட்டு வையுங்கள். பிறகு போடலாம் என்று விட்டால், ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘ஃபைனல் இதுதான்’ என்று டெஸ்க்டாப் நிறைந்துவிடும்.

வட்டில் 5 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ (ஒற்றைத் தடம்) வேவ் கோப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 எம்பி மட்டுமே எடுக்கும். ஆனால் ஆடாசிட்டி தன் இயல்புநிலை அமைப்பில் அதை 32 பிட்டில் வைத்து வேலை செய்வதால் அளவு இரட்டிக்கும். நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் திரும்பப் பெறுவதற்காக அது பழைய வடிவத்தையும் சேமித்து வைத்திருக்கும். எடிட்டிங் நடுவில் இடம் தீர்ந்துபோனால் ப்ராஜெக்ட் கெட்டுப்போகும் ஆபத்து உண்டு.

கைபேசியில் பதிவு செய்பவராயின் ரெக்கார்டர் செயலியின் அமைப்பில் வேவ் வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள். பல செயலிகள் எம்4ஏ வடிவில்தான் சேமிக்கின்றன. விண்டோஸில் அதை ஆடாசிட்டியில் திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற துணை நூலகத்தைத் தனியே நிறுவ வேண்டியிருக்கும். கோப்பைக் கணினிக்குக் கேபிள் வழியாக மாற்றுங்கள். மெசேஜ் செயலியில் ஆடியோவாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, ஒலித்தரம் குறைந்து வர வாய்ப்பு உண்டு.

2. எடிட்டிங் பதிவு செய்யும் அறையிலேயே தொடங்குகிறது

எடிட்டிங் நேரத்தில் பாதியைப் பதிவின்போதே மிச்சப்படுத்தலாம். மின்விசிறியை நிறுத்துங்கள். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதன் உறுமல் 50இலும் அதன் மடங்குகளான 100, 150இலும் பதிவாகும், 100க்கு மேல் ஏறிய உறுமலைக் குரலைத் தொடாமல் பிரிப்பது கடினம். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். ‘ப’ வரும்போதெல்லாம் வெளியேறும் காற்று நேரே மைக்கில் மோதி ‘பொத்’ என்று விழுவதை இது தவிர்க்கும்.

ஒலி அளவைக் காட்டும் பட்டையில் உங்கள் உரத்த சொற்கள் −12 டெசிபல் அருகே நிற்கட்டும். குறைவாகப் பதிவானதைப் பின்னர் உயர்த்திக்கொள்ள முடியும். பட்டையின் உச்சமான 0 டெசிபலைத் தொட்டு அலையின் தலை தட்டையாகிவிட்டால் போன ஒலி போனதுதான்.

பதிவுப் பொத்தானை அழுத்தியதும் பேசாதீர்கள். 10 விநாடி அசையாமல், மூச்சையும் மெல்ல விட்டு, அறையின் வெறும் ஓசையைப் பதிவாக விடுங்கள். இந்த 10 விநாடிகள் பின்னால் இரண்டு இடங்களில் தேவைப்படும். எபிசோட் தொடங்கும் இடத்தில் ஒன்றும் இல்லையே என்று எடிட்டிங்கின் முதல் வேலையாக இதை அழித்துவிடுவது, நான் அதிகமாகப் பார்த்த தவறு.

பேசும்போது பிழை வந்தால் நிறுத்தாதீர்கள். ஒரு முறை கை தட்டிவிட்டு, அந்த வாக்கியத்தின் தொடக்கத்திலிருந்து மறுபடியும் சொல்லுங்கள். ஒரு பத்தியே சரியில்லை என்று தோன்றினால் இரு முறை தட்டிவிட்டுப் பத்தியின் தலையிலிருந்து தொடங்குங்கள். குக்கர் விசில் அடித்தாலும், தெருவில் பழைய பேப்பர்க்காரர் குரல் கொடுத்தாலும் இதே முறைதான்: முடியும்வரை காத்திருந்து, தட்டி, மீண்டும் சொல்லுங்கள். கைதட்டல், திரையில் ஒலியை வரைந்து காட்டும் அலைவடிவத்தில் ஊசிபோல் நெட்டுக்குத்தாக நிற்பதால், 30 நிமிடப் பதிவில் பிழைகள் எங்கெங்கே என்பது கேட்காமலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

வாக்கியத்தின் தொடக்கத்திலிருந்து சொல்லச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தவறிய சொல்லிலிருந்து மட்டும் தொடர்ந்தால் குரலின் ஏற்ற இறக்கம் முன்பாதியோடு ஒட்டாது. எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும் அங்கே ஒரு தையல் தெரியும்.

3. மூலக் கோப்பைத் தொடாதீர்கள்

பதிவு முடிந்ததும் கோப்பை ‘மூலம்’ ஃபோல்டரில் வைத்து, அதன் நகல் ஒன்றை ‘வேலை’ ஃபோல்டருக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஆடாசிட்டியில் மெனு வழியாகச் செய்யும் மாற்றங்கள் அலைவடிவத்தையே மாற்றுபவை. ப்ராஜெக்டைச் சேமித்து மூடிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை. மூலம் இருந்தால் நாளை மறுபடியும் தொடங்கலாம். என் நான்காவது எபிசோடில் இதைச் செய்யாமல் விட்டு, அளவு மீறி இரைச்சல் நீக்கிய குரலோடு அப்படியே வெளியிட்டேன். இன்றும் அதைக் கேட்டால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல்தான் இருக்கிறது.

4. முதல் கேட்பில் வெட்டாதீர்கள்

முழுப் பதிவையும் ஒரு முறை நிறுத்தாமல் கேளுங்கள். வேகத்தை 1.25 மடங்காக வைத்துக்கொள்ளலாம். குரல் கீச்சிடும், பொருட்படுத்த வேண்டாம். இந்தச் சுற்றில் நீங்கள் எடிட்டர் இல்லை, கேட்பவர். எங்கே சலிப்புத் தட்டுகிறது, எங்கே சொன்னதையே திரும்பச் சொல்கிறீர்கள், எந்த உதாரணம் பேச்சைத் திசை திருப்புகிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

அப்படி ஓர் இடம் வரும்போது விண்டோஸில் கன்ட்ரோல் விசையோடு எம் விசையை அழுத்தினால், ஒலி ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு லேபிள் விழும். ‘நீக்கு’, ‘சுருக்கு’, ‘ஐயம்’ என்று ஒரு சொல் மட்டும் தட்டி என்டர் கொடுங்கள். ஒலி நிற்காமல் ஓடும்.

கேட்டுக்கொண்டே வெட்டத் தொடங்கினால் என்ன ஆகும்? என்னிடம் கற்றுக்கொண்ட ஒருவர் முதல் 4 நிமிடத்தில் இருந்த இருமல், மூச்சு, தயக்கம் அனைத்தையும் ஒரு மணி நேரம் செலவிட்டுச் சுத்தம் செய்தார். 20ஆம் நிமிடத்துக்கு வந்தபோது அதே செய்தியை அங்கே இன்னும் தெளிவாகச் சொல்லியிருப்பது தெரிந்தது. முதல் 4 நிமிடம் முழுவதும் குப்பைக்குப் போனது.

5. பெரிய வெட்டுகள்: கடைசியிலிருந்து முதலுக்கு

இப்போது லேபிள்களையும் கைதட்டல் ஊசிகளையும் வைத்து வெட்டத் தொடங்குங்கள். ஆனால் பதிவின் முடிவிலிருந்து தொடங்கி முன்பக்கமாக வாருங்கள். முன்னிருந்து வெட்டினால் ஒவ்வொரு வெட்டுக்கும் பின்னால் உள்ளவை இடப்பக்கம் நகரும். காகிதத்தில் குறித்த நேரங்கள் எல்லாம் பொய்யாகும், லேபிள்கள் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிடும். ட்ராக்ஸ் மெனுவில் சிங்க்-லாக் வசதியை இயக்கினால் லேபிளும் சேர்ந்து நகரும் என்றாலும், அதை மறப்பவர்கள் அதிகம். கடைசியிலிருந்து வெட்டினால் மறந்தாலும் பாதகமில்லை.

கைதட்டல் உள்ள இடத்தில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் ஓர் ஒழுங்கு வேண்டும். பிழையான வாக்கியத்தின் முதல் எழுத்துக்குச் சற்று முன்னால் தொடங்கி, கைதட்டலைத் தாண்டி, சரியான வாக்கியத்தின் முதல் எழுத்துக்குச் சற்று முன்னால்வரை தேர்ந்தெடுங்கள். இரு முனையும் ஒரேவிதமான இடத்தில் இருப்பதால், முந்தைய வாக்கியத்துக்குப் பின் இருந்த இயல்பான இடைவெளி அப்படியே காக்கப்படும். பிழையின் முடிவில் தொடங்கிக் கைதட்டலை மட்டும் நீக்குவோர், பிழையையும் திருத்தத்தையும் சேர்த்தே வெளியிட்டுவிடுகிறார்கள்.

அழிப்பதற்கு முன் சி விசையை அழுத்துங்கள். தேர்ந்தெடுத்த பகுதி இல்லாவிட்டால் எப்படி ஒலிக்கும் என்பதை ஆடாசிட்டி வெட்டாமலேயே ஓட்டிக் காட்டும். வெட்டி, கேட்டு, பிடிக்காமல் திரும்பப் பெற்று, மறுபடியும் வெட்டும் சுழற்சியை இந்த ஒரு விசை ஒழித்துவிடும்.

6. சிறு வெட்டுகள்: எதை விடுவது, எங்கே வெட்டுவது

நேரம் கரைந்து போவது இங்கேதான். தமிழில் பேசும்போது நமக்கென்று சில ஒட்டுச் சொற்கள் இருக்கின்றன: ‘வந்து’, ‘அதாவது’, ‘பாத்தீங்கன்னா’, ‘என்ன சொல்றது’, வாக்கிய முடிவில் ஒரு ‘சரியா?’. புதியவர்கள் இவற்றை ஒன்றுவிடாமல் களைய முயல்கிறார்கள். முழுவதும் களைந்த பேச்சு, பேருந்து நிலையத்தில் ஒலிக்கும் அறிவிப்பைப் போல் ஆகிவிடும். மூன்றில் ஒன்றை எடுத்தாலே போதும் என்பது என் கணிப்பு; அதுவும் அடுத்தடுத்து இரண்டு விழுந்த இடத்திலும், முக்கியமான சொல்லுக்கு நேர் முன்னால் விழுந்த இடத்திலும் மட்டும்.

எதை எடுக்க முடியும் என்பதை அடுத்து வரும் எழுத்து தீர்மானிக்கிறது. உயிரெழுத்து வந்தால் குற்றியலுகரம் கெடும் என்று பள்ளியில் படித்தது எடிட்டிங் திரையில் கண்ணெதிரே நடக்கும். ‘நான் வந்து இப்ப ஊருக்குப் போனேன்’ என்று நாம் சொல்வதாக நினைக்கிறோம். வாயில் வருவது ‘நான் வந்திப்ப’ என்பது. அலைவடிவத்தில் ‘வந்து’ முடியும் இடமும் ‘இப்ப’ தொடங்கும் இடமும் தனித்தனியாக இல்லவே இல்லை. அங்கே கத்தி வைத்தால் ‘நான் திப்ப’ என்றோ ‘நான் ப்ப’ என்றோ ஒரு முண்டம் மிஞ்சும்.

அதே ஒட்டுச் சொல் ‘நான் வந்து கடைக்குப் போனேன்’ என்று வந்தால் கதை வேறு. க, ட, த, ப போன்ற வல்லெழுத்தை ஒலிக்கும் முன் வாய் ஒரு கணம் காற்றை அடைத்து நிறுத்துகிறது. அந்த அடைப்பு அலைவடிவத்தில் மெல்லிய தட்டைக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டின் நடுவில் வெட்டினால் யாருக்கும் தெரியாது. அடுத்த சொல் ம, ந, ய, வ போன்ற எழுத்தில் தொடங்கினால் ஒலி இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும்; பெரும்பாலும் விட்டுவிடுவது நல்லது.

ஆகவே என் விதி இது: ஒட்டுச் சொல்லுக்குப் பின் வல்லெழுத்தோ, மூச்சோ, தெளிவான இடைவெளியோ இருந்தால் எடுக்கிறேன், உயிரெழுத்து இருந்தால் அதைத் தொடவே மாட்டேன். இந்த ஒரு விதியை வைத்த பிறகு, ஒரு ‘வந்து’வோடு 5 நிமிடம் மல்லுக்கட்டுவது நின்றுவிட்டது.

வெட்டும் இடத்தில் ‘டிக்’ என்று ஒரு சொடுக்கு கேட்டால், அலை பூச்சியக் கோட்டை (அலைவடிவத்தின் நடுக்கோட்டை) கடக்காத இடத்தில் வெட்டியிருக்கிறீர்கள் என்று பொருள். தேர்ந்தெடுத்த பின் இசட் விசையை அழுத்தினால், இரு முனைகளும் அருகிலுள்ள பூச்சியக் கடப்புக்குத் தாமே நகர்ந்துகொள்ளும். இதை ஒவ்வொரு வெட்டுக்கும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மூச்சை அழிக்காதீர்கள். வாக்கியத்துக்கு முன் ஒரு மூச்சு இருப்பதுதான் மனிதப் பேச்சு. அதை எடுத்தால் கேட்பவருக்கே மூச்சு முட்டும். வெட்டின் காரணமாக இரண்டு மூச்சுகள் அடுத்தடுத்து வந்துவிட்டால் ஒன்றை மட்டும் நீக்குங்கள். எங்காவது இடைவெளியை நீட்ட வேண்டியிருந்தாலோ, நடுவில் விழுந்த நாற்காலிச் சத்தத்தை மறைக்க வேண்டியிருந்தாலோ, முதல் 10 விநாடி அறை ஓசையிலிருந்து தேவையான அளவை நகலெடுத்து ஒட்டுங்கள். மென்பொருள் உருவாக்கித் தரும் வெற்று அமைதியைப் போட்டால், அந்தக் கணத்தில் தொலைபேசி இணைப்பு அறுந்ததுபோல் கேட்கும்.

7. இரைச்சலைக் குறைத்தல்

வெட்டுகள் முடிந்த பிறகே ஒலியின் தரத்துக்கு வாருங்கள். இரைச்சல் குறைப்பு முதலில் வர வேண்டும். ஏனெனில் அடுத்து வரப்போகும் கம்ப்ரஸர் மெல்லிய ஒலிகளைத் தூக்கிக் கொடுக்கும் கருவி. இரைச்சல் உள்ளபோதே அதை இயக்கினால் குரலோடு இரைச்சலும் வளர்ந்துவிடும்.

தொடக்கத்தில் காத்து வைத்த அறை ஓசையைத் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் மெனுவில் நாய்ஸ் ரிடக்‌ஷன் திறந்து, ‘கெட் நாய்ஸ் புரொஃபைல்’ அழுத்துங்கள். பிறகு முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து, அதே கருவியை மறுபடியும் திறந்து, குறைப்பு அளவை 6 முதல் 9 டெசிபலுக்குள் வைத்து இயக்குங்கள். இரண்டாம் முறை திறக்கும் முன் முழுப் பதிவைத் தேர்ந்தெடுக்க மறந்தால், அந்த 10 விநாடிக்கு மட்டுமே வேலை நடக்கும். ‘ஒன்றும் மாறவில்லையே’ என்று அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள்.

அளவு சரியா என்பதைக் காதால் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. அதே பெட்டியில் ‘ரெசிட்யூ’ என்ற தேர்வைப் போட்டு முன்னோட்டம் கேளுங்கள். நீக்கப்படப்போகும் ஒலி மட்டும் கேட்கும். அதில் வெறும் ‘ஸ்ஸ்’ இருந்தால் நல்லது. உங்கள் சொற்களின் வால்கள் கேட்டால் அளவு அதிகம். தமிழுக்கு இது குறிப்பாகத் தேவை: ‘வந்தது’, ‘பேச்சு’, ‘கிழக்கு’ ஆகிய சொற்களின் கடைசி உகரம் மிக மென்மையானது, கடுமையான இரைச்சல் நீக்கம் முதலில் தின்பது அதைத்தான். சோதித்த பின் தேர்வை ‘ரெட்யூஸ்’ நிலைக்கு மாற்றிவிட்டு இயக்குங்கள். மாற்றாமல் இயக்கிவிட்டு, குரலே காணாமல் போயிற்றே என்று பதறுபவர்கள் உண்டு. திரும்பப் பெறும் கட்டளை ஒன்று போதும்.

8. நீண்ட மௌனங்கள்

யோசிக்க எடுத்துக்கொண்ட இடைவெளிகளை ஒவ்வொன்றாகத் தேட வேண்டியதில்லை. ட்ரன்கேட் சைலன்ஸ் என்ற கருவி மொத்தமாகச் சுருக்கித் தரும். இரைச்சல் குறைந்த பிறகு இதைச் செய்வதால், மௌனம் எது என்பதைக் கருவி எளிதில் அடையாளம் காணும்.

ஆனால் இயல்புநிலை அமைப்பிலேயே இயக்கிவிடாதீர்கள். அதில் −20 டெசிபலுக்குக் கீழே உள்ளதெல்லாம் மௌனம் என்று கொள்ளப்படும். −12இல் பதிவு செய்த குரலின் மெல்லிய சொல் முடிவுகள் அந்தக் கணக்கில் மௌனமாகிவிடும். −40 அருகே வையுங்கள். நீளத்தில் 0.8 விநாடியும், சுருக்க வேண்டிய அளவில் 0.5 விநாடியும் கொடுங்கள்.

நீளத்தை 0.1 என்று வைத்துவிட்டால் வேறொரு வேடிக்கை நடக்கும். ‘பாட்டு’, ‘பத்து’, ‘அக்கா’ என்று வல்லெழுத்து இரட்டிக்கும்போது சொல்லின் நடுவிலேயே ஒலி அடைபடுகிறது. நிதானமாகப் பேசுபவரிடம் அந்த அடைப்பு இன்னும் நீளும். கருவிக்கு அது மௌனமாகத் தெரிந்து சுருக்கிவிட்டால், இரட்டிப்பு மெலிந்து சொல்லே தடுமாறும். 0.8க்குக் குறைவான எதையும் தொடாதே என்று சொல்லிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

9. ஒலியளவு: நான்கு வேலைகள், ஒரே வரிசை

முதலில், குறித்த அளவுக்குக் கீழான தாழ்ந்த ஒலிகளை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். ஆண் குரலின் அடிச் சுருதிகூடப் பெரும்பாலும் அதற்கு மேல்தான் இருக்கும். கீழே இருப்பவை மேசையைத் தட்டிய அதிர்வு, தெருவில் போன லாரி, 50 ஹெர்ட்ஸ் உறுமல் போன்றவை. இவற்றை விட்டுவைத்தால், அடுத்த கருவி இவற்றையும் உரத்த பேச்சென்று எண்ணிக் குரலை அமுக்கும்.

அடுத்தது கம்ப்ரஸர். விகிதம் 3க்கு 1 என்று வைத்து, உரத்த சொற்களில் மட்டும் அது வேலை செய்யும் அளவுக்கு வரம்பைச் சரிசெய்யுங்கள். உணர்ச்சிவசப்பட்டு உரத்துச் சொன்னதும், வாக்கிய முடிவில் தணிந்ததும் ஒன்றுக்கொன்று நெருங்கி வரும். பேருந்தில் கேட்பவர் ஒலியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிராது.

மூன்றாவது லவுட்னஸ் நார்மலைசேஷன், அதாவது முழு எபிசோடின் சராசரி உரப்பை ஒரு குறித்த அளவுக்குக் கொண்டுவருதல். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் தன் வழிகாட்டுதலில் −16 எல்கேஎஃப்எஸ் (உரப்பை அளக்கும் அலகு) என்ற அளவை, ஒரு டெசிபல் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று பரிந்துரைக்கிறது. ஆடாசிட்டி இதே அளவை எல்யூஎஃப்எஸ் என்ற பெயரில் காட்டும். அந்தப் பெட்டியில் −16 என்று கொடுங்கள். கூடவே, மோனோவை இரட்டை மோனோவாகக் கொள்ளும் தேர்வு இயங்கும் நிலையில் இருக்கட்டும். ஒரே மோனோ ஒலி இரு காதுகளிலும் கேட்கும்போது 3 டெசிபல் கூடுதலாக அளவிடப்படுவதால், அந்தத் தேர்வு இல்லாமல் −16 கொடுத்தால் எபிசோட் மற்றவர்களுடையதைவிட உரக்கக் கத்தும்.

கடைசியாக லிமிட்டர், −1.5 டெசிபலில். மூன்றாவது வேலை முழு ஒலியையும் உயர்த்துவதால் சில முகடுகள் எல்லை மீறியிருக்கும். அவற்றை அடக்குவது இதன் வேலை. இதை மூன்றாவதற்கு முன் போட்டால், அடக்கிய முகடுகள் மறுபடியும் எழுந்துவிடும். உச்ச எல்லையான −1 வரை இடமிருந்தும் −1.5இல் நிறுத்துவதற்குக் காரணம், எம்பி3ஆக மாற்றும்போது முகடுகள் சிறிது உயர்வதுண்டு.

10. நான்கையும் ஒரு மேக்ரோவில் கட்டுங்கள்

மேலே சொன்ன நான்கும் எபிசோடுக்கு எபிசோட் மாறாது. மைக்கும் அறையும் குரலும் ஒன்றுதானே. பல வேலைகளை வரிசையாகத் தானே செய்து முடிக்கும் கட்டளைத் தொகுப்புதான் மேக்ரோ. டூல்ஸ் மெனுவில் மேக்ரோ மேனேஜரைத் திறந்து, நான்கையும் இதே வரிசையில், இதே எண்களோடு சேர்த்து ஒரு பெயர் கொடுத்துச் சேமியுங்கள். அடுத்த எபிசோடிலிருந்து ஒரே சொடுக்கு.

இரைச்சல் குறைப்பை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு நாளும் அறை ஓசை வேறு. மழை நாளின் இரைச்சல் மாதிரியை வைத்துக்கொண்டு வெயில் நாளின் குரலைச் சுத்தம் செய்யக் கூடாது. மேக்ரோவை மூன்று எபிசோட் கையால் செய்து பார்த்து, எண்கள் உங்கள் குரலுக்குப் பொருந்துகின்றன என்று உறுதியான பிறகே கட்டுங்கள். முதல் நாளே கட்டினால் முதல் நாள் தவறும் சேர்ந்து கட்டப்படும்.

11. இசை

குரல் முழுவதும் முடிந்த பிறகே இசையைத் தனி ட்ராக்காகச் சேருங்கள். தொடக்கத்தில் 8 முதல் 10 விநாடி, முடிவில் அதே அளவு. அதற்கு மேல் வேண்டாம் என்பேன். பேச்சின் அடியில் தொடர்ந்து இசை ஓட விட்டால் ஒரு வெட்டைத் திருத்தக்கூட இரண்டு ட்ராக்கைத் தொட வேண்டியிருக்கும். திரைப்பாடலின் ஒரு துண்டையும் எடுக்காதீர்கள். சில விநாடிதானே என்பதால் உரிமைச் சிக்கல் நீங்கிவிடாது. உரிமத்தில் பாட்காஸ்டுக்கு அனுமதி உண்டு என்று எழுதியிருக்கும் இசையை ஒரு முறை தேர்ந்தெடுத்து, எல்லா எபிசோடுக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

12. கடைசிக் கேட்பும் எம்பி3யும்

தொடக்கத்தில் மீந்திருக்கும் அறை ஓசையை இப்போது நீக்கலாம். பிறகு எபிசோடை எக்ஸ்போர்ட் செய்யுங்கள்: எம்பி3, மோனோ, 96 கிலோபிட். 30 நிமிடம் ஏறத்தாழ 22 எம்பிக்குள் அடங்கும்; டேட்டா பார்த்துச் செலவு செய்யும் நேயருக்கு அது உதவும். இசை ஸ்டீரியோவாகவே கேட்க வேண்டும் என்று விரும்பினால் மட்டும் ஸ்டீரியோவில் 128. கோப்பின் பெயரில் எண்ணை 007, 008 என்று மூன்று இலக்கமாக இடுங்கள். 10ஆவது எபிசோட் 1க்கும் 2க்கும் நடுவில் போய் உட்காராது.

அந்த எம்பி3யைக் கைபேசிக்கு மாற்றி, அதன் ஸ்பீக்கரிலேயே, இயல்பான வேகத்தில், எழுந்து வேறு வேலை பார்த்துக்கொண்டே கேளுங்கள். திரையில் அலைவடிவத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டால் வெட்டிய இடமெல்லாம் கண்ணுக்குத் தெரிவதால் காதும் அங்கே குறை காணும். பாத்திரம் துலக்கிக்கொண்டு கேட்கும்போது எந்த இடத்தில் கை நிற்கிறதோ, அந்த இடத்தில்தான் உண்மையான குறை இருக்கிறது. அதை மட்டும் நேரம் குறித்துக்கொண்டு, ப்ராஜெக்டில் திருத்தி, மறுபடியும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். எம்பி3 கோப்பையே திறந்து திருத்த வேண்டாம். ஏற்கெனவே சுருக்கியதை இன்னொரு முறை சுருக்கினால் ‘ஸ’, ‘ஷ’ ஒலிகள் கரகரக்கத் தொடங்கும்.

இந்தக் கேட்பு ஒரு முறைதான். இரண்டாம் முறை கேட்டால் இரண்டாம் பட்டியல் ஒன்று வரும், மூன்றாம் முறைக்கு மூன்றாவது.

வெளியிட்ட பின் ‘மூலம்’ ஃபோல்டரையும் ப்ராஜெக்ட் கோப்பையும் வேறொரு வட்டில் நகலெடுத்துவிட்டு, இந்த எபிசோடில் எத்தனை கைதட்டல் விழுந்தது, எதனால் விழுந்தது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். என் குறிப்பேட்டில் தொடர்ந்து ஐந்து எபிசோடுக்கு ‘தண்ணீர் வைக்கவில்லை, தொண்டை வறண்டது’ என்று இருந்தது. ஆறாவதிலிருந்து மேசையில் ஒரு செம்பு இருக்கிறது.